ஏசித் தண்ணீர் மிளகாய்

இந்த வீட்டுக்கு இனிமேல் ஒரு மிளகாய்கூட வெளியிலிருந்து வரக்கூடாது என்று நான் தீர்மானம் போட்டது போன ஆடி மாதம். தீர்மானத்தை ஆதரித்தவர் ஒருவர். அது நான். எதிர்த்தவர் ஒருவர். அது என் மனைவி பாத்திமா பீவி. எங்கள் வீட்டில் ஓட்டு சமமாக விழுந்தால் அவள் பக்கம்தான் ஜெயிக்கும். ஆனால் அன்றைக்கு அவள் விட்டுக்கொடுத்தாள். அவள் விட்டுக்கொடுத்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

என் பெயர் பீர் முகமது. ஊர் லப்பைக்குடிக்காடு. எங்கள் ஊரில் ஆண்பிள்ளை பிறந்தால் பெயர் வைக்கும் முன்பே பாஸ்போர்ட் பேச்சை எடுப்பார்கள். நானும் இருபத்தேழு வருஷம் குவைத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு, போன வைகாசியில் கேன்சலில் வந்து சேர்ந்தேன். கேன்சலில் வருவது என்றால் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வருவது. விசாவைத்தான் கேன்சல் செய்தார்கள் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். வந்து ஒரு மாதம் ஆன பிறகுதான் தெரிந்தது, கேன்சல் ஆனது நான்.

முன்பெல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவேன். இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் நான் புதுமாப்பிள்ளை. நெய்ச்சோறு, கறி ஆணம் என்கிற குழம்பு, தாளிச்சா என்று நடக்கும். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்று எனக்காக இறங்கும். அது விருந்தாளிகளுக்குப் போடும் தட்டு. ஒரேயடியாக வந்த பிறகு நெய்ச்சோறு நின்றுபோனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ரசம் சோற்றையும் அதே பீங்கான் தட்டில்தான் போட்டாள். அவள் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டாள்.

எனக்கும் எவர்சில்வரில் போடேன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"வூட்டுல ஒரு தட்டுதானங்க புழங்குது" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் அன்று முழுக்கச் சாப்பிட்ட சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். சொந்த வீட்டில் விருந்தாளியாக இருப்பது எவ்வளவு சங்கடம் என்பது இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். விருந்தாளிக்காவது என்றைக்குக் கிளம்புகிறோம் என்று ஒரு நாள் தெரிந்திருக்கும்.

சும்மா இருக்கக் கூடாது, வீட்டுக்கு உபயோகமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த தொழில் ஸ்டோர். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்டோர் அடுப்படி. அவள் ஒரு மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்த நாளில், அடுப்படியில் இருந்த முப்பத்தொரு டப்பாவையும் இறக்கித் துடைத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டி, அகர வரிசைப்படி அடுக்கினேன். அரிசி மாவு, உப்பு, உளுந்து, கசகசா, கடுகு, சர்க்கரை, சீரகம். பார்க்கவே கண் நிறைந்தது. குவைத்தில் என்றால் போட்டோ எடுத்து ஹெட் ஆபீஸுக்கு அனுப்பியிருப்பார்கள்.

பாத்திமா வந்து பார்த்தாள். அன்று சாயங்காலம் டீயில் உப்பு இருந்தது. மறுநாள் மீன் ஆணத்தில் சர்க்கரை இருந்தது. அதற்கடுத்த நாள் தாளித்ததில் கடுகுக்குப் பதில் கசகசா விழுந்தது. டப்பாவில்தான் பெயர் எழுதியிருக்கிறதே, படித்துப் பார்த்து எடுக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"இருபத்தேழு வருசமா நான் கண்ணால பாத்து எடுத்ததில்லைங்க. கைதான் எடுக்கும். அது எங்கயோ தேடிக்கிட்டு நிக்குது."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவள் வெங்காயம் அரியும்போது பக்கத்தில் நின்று, இன்னும் சன்னமாக அரியலாம் என்றேன். அடுப்பைக் குறைக்கலாம் என்றேன். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் நான்காவது தேவையா என்று கேட்டேன். சொல்லாமல் இருந்தால் நான் அந்த வீட்டில் இருப்பதே யாருக்கும் தெரியாதோ என்று பயம்.

அந்த வாரம்தான் அவள் அதைச் சொன்னாள். எங்கள் மகன் ஆசிப் கத்தாரில் இருக்கிறான். அவனோடு போனில் பேசிவிட்டு வந்து, தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டே, ஏதோ கீரை விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஆசிப் கம்பெனியில ஸ்டோருக்கு ஆள் எடுக்குறாங்களாம். வயசு பாக்க மாட்டாங்களாம்."

எனக்கு ஐம்பத்தேழு வயது. இரண்டு முழங்காலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. இனிமேல் இன்னொரு கேம்ப், இன்னொரு இரும்புக் கட்டில், கட்டிலுக்கு மேலே இன்னொருவன் கட்டில். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருந்தது. அங்கே நெஞ்சுவலியில் போய்விட்ட இரண்டு பேருடைய துணிமணிகளை அட்டைப் பெட்டியில் கட்டி ஊருக்கு அனுப்பியது நான்தான். ஸ்டோர் கீப்பர் என்றால் அந்த வேலையும் சேர்ந்து வரும். மூன்றாவது பெட்டியை யார் கட்டுவார்கள் என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. நான் இங்கேயே இருந்து வீட்டுக்கு வேண்டியதைச் செய்கிறேன் என்றேன். என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். அப்போதுதான் அந்தத் தீர்மானம் வந்தது. மிளகாய் போடப் போகிறேன்.

மிளகாய் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். குவைத் கேம்ப்பில் எனக்கு மிளகாய் பாய் என்று பெயர். மெஸ்ஸில் போடும் குழம்புக்கு உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது. என் ரூமில் இருந்த பங்களாதேஷ்காரர் ஒருவர் தன் ஊரிலிருந்து நாலு விதை கொண்டுவந்தார். நாகா மிளகாய். கட்டைவிரல் நீளம், சிவப்பு, தோல் சுருங்கி இருக்கும். ஒன்று போட்டால் முப்பது பேர் குழம்புக்குக் காணும். இரண்டு போட்டால் முப்பது பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். பால்பவுடர் டின்னில் மண்ணைப் போட்டு விதைத்தோம். அந்தப் பாலைவனத்தில் செடிக்குத் தண்ணீர் ஏது? ரூம் சுவரில் ஏசியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டின்னை அதற்குக் கீழே வைத்தேன். அவ்வளவுதான். காய்த்துக் கொட்டியது.

அவர் ஊருக்குப் போன பிறகும் பதினோரு வருஷம் நான் அந்தச் செடிகளை வளர்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் நாற்பது ரூமிலிருந்தும் என்னைத் தேடி வருவார்கள். இதென்ன பெரிய மிளகாய் என்று கடித்த எகிப்துக்கார மிசிரி மேனேஜர், அன்று மத்தியானம் மூன்று பைல்களில் கையெழுத்தைத் தப்பாகப் போட்டார். என்னை யாராவது தேடி வந்தார்கள் என்றால் அது அந்த மிளகாய்க்காகத்தான். கேன்சலில் கிளம்பும்போது ஒரு பொட்டலம் விதை கொண்டுவந்தேன்.

பாத்திமா எல்லாவற்றையும் கேட்டாள். போனில் இருந்த மிளகாய்ப் படத்தையும் பார்த்தாள். பிறகு விட்டுக்கொடுத்தாள்.

"நோம்பு பொறக்கறதுக்குள்ள இந்த வூட்டு மிளகா காய்ச்சு என் அம்மிக்கு வரணும். வந்தா இங்கயே இருங்க. வரலைன்னா ஆசிப்புக்கு உங்க பாஸ்போர்ட்ட அனுப்பிடுவேன்."

ஆடிக்கும் நோன்புக்கும் நடுவே ஏழு மாதம் இருந்தது. நாகா மிளகாய்க்கு ஐந்து மாதம் போதும். சரி என்றேன்.

எங்கள் மாடியில் ஒரு அறை இருக்கிறது. அதில் ஒரு ஏசி. நான் லீவில் வரும்போது மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஏசி. அறைக்கு வெளியே மொட்டைமாடியில் ஏசியின் பெரிய பெட்டி நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே தண்ணீர் சொட்டும் குழாய். அல்லா எனக்காகவே கட்டிவைத்த மாடி என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு பைகளில் செம்மண்ணும் ஆட்டு எருவும் கலந்து நிரப்பினேன். தட்டில் நாற்பது விதை போட்டேன். முப்பத்திரண்டு முளைத்தது. அதில் திடமான பன்னிரண்டைப் பைக்கு மாற்றினேன். மீதி இருபதும் நோஞ்சான். கழித்துக்கட்டுவது ஸ்டோர்காரனுக்குக் கை வந்த கலை. வேரோடு பிடுங்கிக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கொல்லையில் எறிந்தேன்.

கொல்லையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கொல்லைப்பக்கம் ஒரு கதவு உண்டு. பெண்கள் தெருவில் இறங்காமலேயே அந்த வழியாக ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய் வருவார்கள். எந்த நேரமும் அங்கே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே கொல்லை பெண்கள் ராஜ்யம். ஆண்கள் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் கதவுக்கு இந்தப்புறம் நின்று மூன்று முறை இரும வேண்டும். வரலாம் என்று பதில் வந்தால்தான் போகலாம். நான் வந்த புதிதில் ஒரு முறை இருமிப் பார்த்தேன். கசாயம் போட்டுத் தருகிறேன், போய்ப் படுங்கள் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கதவுப் பக்கம் நான் போகவில்லை. மாடியிலிருந்தும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

பைகளை ஏசிப் பெட்டிக்கு முன்னால் வரிசையாக அடுக்கினேன். காலையில் எழுந்ததும் ஏசியைப் போடுவேன். அறையில் யாரும் இல்லை. தண்ணீருக்காக மட்டும். சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்துப் பை பையாக ஊற்றுவேன். பாத்திமா ஒரு நாள் துணி காயப்போட மேலே வந்தாள். பெட்டி முன்னால் கையை நீட்டிப் பார்த்தாள்.

"இது அனலால்ல அடிக்குது. செடியத் தள்ளி வைங்க."

நான் சிரித்தேன். பதினோரு வருஷம் ஏசித் தண்ணீரில் மிளகாய் வளர்த்தவனுக்கு இவள் பாடம் எடுக்கிறாளே என்று சிரித்தேன். அவள் மறுபடியும் சொல்லவில்லை. ஒரு விஷயத்தை அவள் இரண்டாவது முறை சொல்லும் வழக்கம் கிடையாது.

செடி நன்றாகத்தான் வளர்ந்தது. ஐப்பசியில் பூவும் வந்தது. வெள்ளை வெள்ளையாகப் பூ. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பூ எல்லாம் கீழே கிடந்தது. கூட்டி அள்ளினேன். மறுபடி பூத்தது. மறுபடி உதிர்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஏசியை இன்னும் அதிக நேரம் ஓட்டினேன். அதிகமாக உதிர்ந்தது. மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினேன். எருவைக் கரைத்து ஊற்றினேன். மண்புழு உரம் வாங்கிக் கரைத்து ஊற்றினேன். ஊற்றியதில் பாதி பைக்கு அடியில் ஒழுகி, மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வழியாகக் கீழே போனது. நான் அதைக் கவனிக்கவில்லை. நான் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி வந்தது. ஊரே போர்வைக்குள் இருந்தபோது எங்கள் வீட்டு ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி நின்றுவிட்டால் தெரிய வேண்டுமே என்று நான் அந்த அறையிலேயே இரண்டு போர்வையும் ஒரு குரங்குக் குல்லாயுமாக உட்கார்ந்திருந்தேன். கீழே அடுப்படியிலிருந்து பாத்திமா யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிச் சிரிப்பது கேட்கும். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். வெள்ளிக்கிழமை தோறும் என் பாஸ்போர்ட்டை பீரோவிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, பீங்கான் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். இன்னும் நாலு வருஷம் செல்லும் என்று ஒரு முறை படித்துச் சொன்னாள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

தை பிறந்தது. என் பன்னிரண்டு செடியிலும் சேர்ந்து இருந்தது ஒரே ஒரு காய். அதுவும் சுண்டுவிரல் நகம் அளவில் நின்று, கறுத்து, ஒரு நாள் காணாமல் போனது.

அப்துல் ஹாதியிடம் போய் உட்கார்ந்தேன். ரியாத்தில் டிரைவராக இருந்துவிட்டு எனக்கு முந்திய வருஷம் கேன்சலில் வந்தவன். காலையில் பள்ளிவாசல் பக்கத்து டீக்கடையில் பெஞ்சைப் பிடித்தால் பாங்கு சொன்னால்தான் எழுந்திருப்பான். வீட்டுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று அவனாகக் கண்டுபிடித்த வழி அது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"செடியில காய்க்கலைன்னா போவுது. சந்தையில காய்ச்சிருக்கும்ல. வாங்கிட்டுப் போயி மாடியிலேர்ந்து எறங்கு."

ஏமாற்றுவது பாவமாயிற்றே என்று தயங்கினேன். பாஸ்போர்ட்டை நினைத்தேன். பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். மார்க்கெட் முழுக்க அலைந்தேன். நீள மிளகாய், குண்டு மிளகாய், பஜ்ஜி மிளகாய் எல்லாம் இருந்தது. நாகா மிளகாய் என்று கேட்டதும் ஒரு கடைக்காரர் பாம்பு மிளகாயா என்று கேட்டுச் சிரித்தார். பாத்திமா படத்தைப் பார்த்திருக்கிறாள். வேறு மிளகாயைக் கொண்டுபோய் ஏமாற்ற முடியாது. வெறுங்கையோடு திரும்பி எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கினேன். அங்கேயே உட்கார்ந்து கத்தார் எந்தத் திசையில் இருக்கிறது என்று யோசித்தேன்.

பஸ் ஸ்டாப் வேப்ப மரத்தடியில் மருதாயி என்று ஒரு அம்மாள் கீரையும் காய்கறியும் விற்கும். பக்கத்து ஊரிலிருந்து கூடையோடு வரும். அன்று அந்தக் கூடை ஓரத்தில், வாழையிலைத் துண்டின் மேல், சிவப்பாக, சுருக்கமாக, கட்டைவிரல் நீளத்தில் பத்துக் காய் இருந்தது.

குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். இதென்ன மிளகாய் என்று கேட்டேன்.

"ஏதோ சீமை மொளகா பாய். ஒரு புள்ள கொண்டாந்து குடுக்குது. ஒண்ணு போட்டாலே குண்டான் கொழம்புக்குக் காணும்."

உலகத்தில் அஸ்ஸாமிலும் பங்களாதேஷிலும் விளையும் மிளகாய், பெரம்பலூர் மார்க்கெட்டில் பெயர்கூடத் தெரியாத மிளகாய், மருதாயி கூடைக்கு எப்படி வந்தது? புத்தி உள்ளவன் கேட்டிருப்பான். நான் வானத்தைப் பார்த்து நன்றி சொன்னேன். இனிமேல் எத்தனை வந்தாலும் எனக்கே தர வேண்டும், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். மருதாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. வெற்றிலைச் சாறு ஒழுகுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

காய்களைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நேரே மாடிக்குப் போனேன். ஒரு மணி நேரம் செடிகளுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவை என்னைப் பார்த்தன. பிறகு காய்களைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

பாத்திமா ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காம்பை முகர்ந்தாள்.

"ஜெயிச்சிட்டீங்க போல இருக்கே."

அன்று நான் எத்தனையோ நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். கண்ணில் நீர் வர, மூக்கில் நீர் வரச் சாப்பிட்டேன். அதே கையோடு கைக்குட்டையை உதறி மடித்து வைத்துவிட்டு, அஸர் தொழுகைக்குப் போனேன். அங்கே ஒளு செய்ய உட்கார்ந்து, கையைக் கழுவி, மூக்கில் தண்ணீர் ஏற்றி, முகத்தைத் தேய்த்தேன். நாகா மிளகாயைத் தொட்ட கை ஒரு கழுவலில் அடங்காது. தக்பீர் சொல்லித் தொழுகைக்குக் கை கட்டும்போது கண் திறக்க முடியவில்லை. தாரை தாரையாக ஊற்றியது. நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் விழுந்தவன் தேம்பினேன். பக்கத்தில் நின்றவர் தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை மிளகாய் வாங்கினேன். வாரத்துக்கு இரண்டு முறை பள்ளிவாசலில் அழுதேன். சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகவில்லை. கொஞ்ச நாளில் அது மிளகாயால் வரும் கண்ணீரா, வேறு கண்ணீரா என்று எனக்கே தெரியவில்லை. ஸஜ்தாவில் நெற்றியை வைத்தால் குவைத் வரும், அந்த இரண்டு அட்டைப் பெட்டி வரும், பீங்கான் தட்டு வரும், வீட்டுக்காரியிடம் சொல்லும் பொய் வரும். அழுகைக்குக் காரணம் போதுமான அளவு இருந்தது.

வீட்டில் பாத்திமா என் மிளகாயைத் தெரு முழுக்கக் கொடுத்தாள். எங்க வூட்டுக்காரர் கையால காய்ச்சது என்று சொல்லிக் கொடுத்தாளாம். அக்கம்பக்கத்தில் கிண்ணம் கிண்ணமாக எதிர்மரியாதை வந்தது. அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மாசி முதல் வாரத்தில், ஆசிப்புக்கு ஊறுகாய் போட்டு அனுப்ப வேண்டும், ஒரே நேரத்தில் நூறு காய் வேண்டும் என்றாள். நான் ஓடிப்போய் மருதாயியிடம் சொன்னேன். பாவம், அந்தப் புள்ளையால் முடியுமோ முடியாதோ என்று கவலைப்பட்டேன். மறுநாள் காலையில் எண்ணினாற்போல நூறு காய் வந்திருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நாகா மிளகாயே உறைக்காத மண்டை.

நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் தொழவைக்கும் ஹஜ்ரத் பயான் செய்தார். நம் மஹல்லாவிலேயே ஒருவர் இருக்கிறார், தொழுகையில் நின்றால் அழுகிறார், அந்த உருக்கம் நமக்கெல்லாம் வேண்டும் என்றார். பெயர் சொல்லவில்லை. ஆனால் பள்ளிவாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்துல் ஹாதி மட்டும் கீழே விரித்திருந்த தொழுகைப் பாயைப் பார்த்தான்.

மனைவியை ஏமாற்றியது ஒரு பக்கம். இப்போது படைத்தவன் வீட்டிலேயே என் பொய்க்கு மாலை போடுகிறார்கள். இந்தப் பொய்யோடு நோன்பு பிடிக்க என்னால் முடியாது. சொல்லிவிட வேண்டியது. பாஸ்போர்ட்டை அனுப்பினால் அனுப்பட்டும். மூன்றாவது பெட்டியை யாரோ ஒருவர் கட்டத்தான் செய்வார்கள். தெருவில் நடக்கும்போதே வாக்கியத்தை அமைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுப்படியில் அவள் இல்லை. கொல்லைக் கதவு பாதி திறந்திருந்தது. மூன்று முறை இருமினேன். பதில் இல்லை. உண்மையைச் சொல்ல வந்தவனுக்கு இதற்கு மேல் என்ன மரியாதை பாக்கி இருக்கிறது என்று கதவைத் தள்ளினேன்.

மாடித் தண்ணீர் இறங்கும் குழாய்க்கு நேர் கீழே, சுவர் ஓரமாக, இடுப்புயரம் இருபது செடி நின்றது. இலை தெரியாமல் காய்த்திருந்தது. சிவப்பு, சுருக்கம், கட்டைவிரல் நீளம். ஒரு பக்கம் பாத்திமா பறித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் மருதாயி கூடையில் வாழையிலை விரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனது. இந்த முறை அது வெற்றிலைச் சாறு இல்லை என்று தெரிந்தது.

அமைத்துக்கொண்டு வந்த வாக்கியம் மறந்துபோனது. இது என்ன என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க எறிஞ்சதுதாங்க. நோஞ்சான்னு தூக்கிப் போட்டீங்க. நட்டு வச்சேன்."

"தண்ணி?"

"மேலேர்ந்து நீங்கதான தெனமும் ஊத்துனீங்க. எருத் தண்ணி, மீன் தண்ணி எல்லாம் நேரா இங்கதான் எறங்கிச்சு. நான் ஒரு செம்பு ஊத்தினதில்ல."

நான் மாடியைப் பார்த்தேன். ஏசிப் பெட்டியின் முதுகு தெரிந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. குவைத்தில் அனல் ஊதும் பெட்டி கூரைமேல் இருந்தது. குழாய் மட்டும்தான் எங்கள் பக்கம் சொட்டியது. பதினோரு வருஷ அனுபவத்தில் குழாயைக் கொண்டுவந்தேன். பெட்டியை மறந்துவிட்டேன்.

மருதாயி கூடையை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக நழுவியது. நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். பாஸ்போர்ட்டை அனுப்பிவிடு, பேச்சு பேச்சுதான் என்றேன்.

"இந்த வூட்டு மிளகா என் அம்மிக்கு வரணும்னுதான சொன்னேன். வந்துச்சுல்ல" என்றாள். பிறகு காம்பைக் கிள்ளிக்கொண்டே மெல்லச் சொன்னாள். "ஆசிப் கம்பெனியில ஆள் எடுக்கறத நிறுத்தி ரெண்டு வருசம் ஆவுதுங்க."

"அப்ப விசா?"

"எந்த விசா?"

எனக்குக் கோபம் வந்தது. மார்கழிக் குளிரில் ஏசிக்குள் உட்கார்ந்திருந்தேனே, ஏழு மாதம் செத்துச் செத்துப் பிழைத்தேனே, எதற்காக இதெல்லாம் என்று கேட்டேன்.

"நீங்க மாடிக்குப் போன அன்னிக்குத்தான் என் கை உப்பு டப்பாவத் தானா எடுத்துச்சு" என்றாள். "உங்கள அனுப்பிட்டு நான் இங்க யாருக்குங்க ஆக்கிப் போடுறது? போனதெல்லாம் போதும்."

அன்று மத்தியானம் எனக்கு எவர்சில்வர் தட்டில் சோறு வந்தது. கனமான தட்டு. விளிம்பில் பீர் முகமது என்று வெட்டியிருந்தது. பெயருக்குக் கீழே தேதியும் இருந்தது. போன ஆனி மாதத்துத் தேதி. நான் வந்து சேர்ந்த அடுத்த மாதம். டப்பாக்களில் நான் பெயர் ஒட்டுவதற்கு முன்பே அவள் என் பெயரை வெட்டி வைத்துவிட்டாள். இத்தனை நாள் ஏன் தரவில்லை என்று கேட்டேன். அடுப்படியை விட்டு நீங்கள் வெளியே போவது நிச்சயமாகட்டும் என்று பரண்மேல் வைத்திருந்தாளாம். அன்று எனக்கு மிளகாய் தேவைப்படவில்லை. அது இல்லாமலேயே கண் ஊற்றியது.

சாப்பிட்டு முடித்துத் தட்டை நானே கழுவி வைத்தேன். எந்த இடத்தில் வைப்பது என்று அவளிடம் கேட்டுத்தான் வைத்தேன். அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். கத்திரி விதை.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள காய்க்கணும். இல்லன்னா ஓமன்ல ஒரு ஸ்டோர்ல ஆள் கேக்குறாங்களாம்."

பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். மாடிப்படி ஏறினேன். பைகளைக் கொட்டி மண்ணைக் கிளறினேன். ஏசிப் பெட்டியை விட்டு நன்றாகத் தள்ளி வைத்தேன். பிஸ்மி சொல்லி விதையைத் தூவி, முதல் வாளித் தண்ணீரை ஊற்றினேன்.

கீழே கொல்லையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.